வீட்டிலேயே 'ஃபைட்டர் கண்டிஷனிங்' என்று பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

வியாசர்பாடியில் 16 வயதிலிருந்து பாக்ஸிங் பழகுகிறேன். 57 கிலோ. மாவட்டப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன். போன வருடம் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். மதியம் 2 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு பதினொன்றரை ஆகிவிடும். மாலைப் பயிற்சி அதோடு நின்றது. இரண்டு மாதம் சும்மா இருந்தேன். காலையில் மொட்டை மாடியிலாவது ஏதாவது செய்யலாமே என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் வந்தது.

'ஃபைட்டர் கண்டிஷனிங்', அதாவது சண்டை முழுக்கத் தாங்க உடம்பைத் தயார் செய்யும் பயிற்சி. 12 வாரத்தில் மூன்று ரவுண்டும் தாங்கும் ஸ்டாமினா, கருவி எதுவும் வேண்டாம், உங்கள் எடைக்கும் காயத்துக்கும் ஏற்ற தனித் திட்டம், தினமும் கோச் வாட்ஸ்அப்பில் வழிகாட்டுவார் என்று போட்டிருந்தது. 14,999 ரூபாயை அடித்துவிட்டு 4,999. மேலே ஒரு கடிகாரம், சலுகை முடிய 15 நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் திறந்தபோதும் அதே 15 நிமிடம் முதலிலிருந்து ஓடியது. அதைப் பார்த்தும் கட்டினேன். ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. வலது தோளில் பழைய வலி இருப்பதையும் இரண்டு மாதம் பயிற்சி விட்டுப்போனதையும் அதில் தெளிவாக எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பி.டி.எஃப். வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

உள்ளே இருந்தது இதுதான்: வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம், 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு. பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து குதிப்பது), ஜம்ப் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுந்து குதிப்பது), கையில் டம்பிள் என்ற எடைக்கட்டை பிடித்து ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது). கருவி வேண்டாம் என்றவர்கள் டம்பிளும் ஸ்வெட் சூட்டும் (வியர்க்க வைக்கும் ரப்பர் உடை) வாங்க இணைப்பும் கொடுத்திருந்தார்கள். 'ஜப்பான் விஞ்ஞானியின் தபாட்டா முறை' என்று பெருமையாக ஒரு பக்கம்.

தபாட்டா ஆய்வு உண்மையானதுதான். 1996-இல் வெளிவந்தது. ஆனால் அது நடந்தது நிலையாக நிற்கும் சைக்கிளில், ஏற்கெனவே நல்ல உடல்திறன் உள்ள மாணவர்களை வைத்து. 20 நொடி மிதி, 10 நொடி ஓய்வு, இப்படி ஏழெட்டுத் தடவை. மொத்தம் 4 நிமிடத்தில் ஆள் முடிந்துவிடுவார். வாரத்தில் ஐந்து நாள், அதிலும் ஒரு நாள் 30 நிமிடம் மிதமான வேகத்தில் மிதிக்கவிட்டார்கள். அதை 40 நிமிடம் இழுத்தால், ஒன்று அது முழு வேகமாக இருக்காது, இல்லையென்றால் உடம்பு போய்விடும். எனக்கு உடம்பு போனது.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை 'வாரியர் டே'. 400 ஸ்குவாட், 200 லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி எழுவது), ஸ்வெட் சூட் போட்டுக்கொண்டு. ஏப்ரல் மாத மாடி, காலை ஒன்பது மணிக்கே தரை சுட்டது. முடித்தேன். ஞாயிறு படி இறங்க முடியவில்லை. சாதாரண வலி என்று நினைத்தேன். திங்கட்கிழமை தொடை இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இறுகி, லுங்கி பட்டாலே உயிர் போனது. கோச்சுக்கு எழுதினேன். 'வலிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், விட்டுடாதீங்க சாம்பியன்!' என்று ஒரு நொடியில் பதில். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று எழுதினேன். அதற்கும் அதே வரி, அதே ஆச்சரியக்குறி. அந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரத்தத்தில் சி.பி.கே. என்று ஒன்றைப் பார்த்தார்கள், தசை உடைந்தால் அது ஏறும். சாதாரணமாக 200 வாக்கில் இருக்க வேண்டியது எனக்கு 38,000-க்கு மேல். ராப்டோமயோலிசிஸ் என்றார் டாக்டர். அளவுக்கு மீறிய, பழக்கமில்லாத வேலையில் தசை உடைந்து, அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். வெயிலும் உடம்பில் தண்ணீர் வற்றுவதும் சேர்ந்தால் இன்னும் மோசம். நான்கு நாள் சொட்டு மருந்து ஏறியது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கலாம் என்றார். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: கடும் பயிற்சிக்குப் பிறகு வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் ஏறினால், சிறுநீர் கறுத்தால், யாருக்கும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி.

ஸ்வெட் சூட் பற்றியும் சொல்ல வேண்டும், நம் பசங்க எடை இறக்க அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறேன். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், ஒன்றரை மாதத்துக்குள், எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த ரப்பர் சூட்டையே தடை செய்தார்கள். அதில் குறைவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை.

என்னைப் பார்க்க வந்த நண்பனும் அதே வாரம் அதே ஆட்களிடம் பணம் கட்டியவன். அவன் 86 கிலோ, முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனவன். கட்டிலில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். அட்டையில் உள்ள பெயரைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. 9-ஆம் பக்கத்தில் புதன் கிழமைக்குக் கீழே மறுபடியும் புதன், வியாழனே கிடையாது. அவனுடையதிலும் அதே இரண்டு புதன். அவன் முழங்காலுக்கும் ஜம்ப் ஸ்குவாட், என் தோளுக்கும் டம்பிள் ஷேடோ. டம்பிளின் பாரம் கீழே இழுக்கும், குத்து முன்னால் போகும். அது குத்தின் வேகத்துக்கு ஒன்றும் செய்யாமல் தோளைத்தான் அரிக்கும் என்று எங்கள் மாஸ்டர் எத்தனையோ முறை சொன்னதுதான்.

மாஸ்டரும் வந்தார். திட்டவில்லை. பி.டி.எஃப்.-ஐ முழுக்கப் படித்துவிட்டு, "ரெண்டு மாசம் விட்டுட்டு வந்தவனுக்கு மொத வாரமே இதாடா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். அமெச்சூரில் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் 1 நிமிடம். ஒரு குத்து நொடியில் வெடிக்கிற வேலைதான். ஆனால் அடுத்த குத்துக்கு உடம்பை மீட்டுக்கொடுப்பதும், ஸ்டூலில் உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் மூச்சு அடங்குவதும் ஆக்சிஜனை வைத்து நடக்கிற வேலை. அதற்கு அடித்தளம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30, 40 நிமிட ஓட்டம். விடியற்காலையில் ஓட விடுவது அதற்காகத்தான். அதன் மேல் வாரத்துக்கு ஓரிரு நாள் 3 நிமிடம், 1 நிமிடம் கணக்கில் ரவுண்டு, இரண்டு நாள் பலத்துக்கான பயிற்சி, கட்டாயம் ஓய்வு. வாராவாரம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ரவுண்டு முடிந்ததும் நாடியை 15 நொடி எண்ணு, நான்கால் பெருக்கு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணு. அந்த வித்தியாசம் மாதாமாதம் கூடினால் கண்டிஷனிங் ஏறுகிறது என்று அர்த்தம். நான் வாங்கிய 64 பக்கத்தில் எதையும் அளக்கச் சொல்லி ஒரு வரி இல்லை.

ஆகவே யாரிடம் வாங்கினாலும் பணத்துக்கு முன்னால் கேளுங்கள். முதல் வாரமும் எட்டாம் வாரமும் எப்படி இருக்கும் என்று காட்டச் சொல்லுங்கள். கோச் என்.ஐ.எஸ். (பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம்) படித்தவர் என்று சொன்னால், அங்கே டிப்ளமோவா, ஆறு வாரச் சான்றிதழா என்று கேளுங்கள், இரண்டும் வேறு. ஒரு முறையாவது போனில் குரல் கேளுங்கள். காயத்தைச் சொன்னதும் மறுகேள்வி கேட்காதவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

பணக்கதை இன்னும் இருக்கிறது. 30-ஆம் நாள் 1,499 ரூபாய் தானாகப் போனது. முதலில் பணம் கட்டும்போதே யு.பி.ஐ. ஆட்டோபே அனுமதியையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். முந்தைய நாள் வந்த எச்சரிக்கை மெசேஜைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. உங்கள் யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதியை இன்றே திறந்து பாருங்கள், அங்கேயே ரத்து செய்யலாம். பொய்க் கடிகாரம் காட்டி அவசரப்படுத்துவது, சந்தாவில் சிக்கவைப்பது இரண்டையும் மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் ஏமாற்று வடிவங்கள் என்று பட்டியலிட்டுத் தடுத்திருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். 1,499 திரும்ப வந்தது. 4,999-க்கு, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்புவதில்லை என்கிறார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடத் தாள்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டு, வாட்ஸ்அப் படங்கள், இரண்டு பி.டி.எஃப்.-உம் கையில் இருக்கின்றன. உங்களிடம் உள்ள திட்டத்திலும் 9-ஆம் பக்கத்தில் இரண்டு புதன் இருந்தால், ரசீதை அழித்துவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சேர்ந்தே போடலாம்.