ஒண்டிக்கு ஒண்டி, 2,000 மீட்டர் உயரத்தில்

ஆறு வருடமாக, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், கணினியில் ஆடும் விமானச் சண்டை விளையாட்டான ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸில் ஒண்டிக்கு ஒண்டி மோதிக்கொண்டிருக்கிறேன். 80 பேர் கூடும் பெரிய சர்வர்களிலும் பறந்ததுண்டு. அங்கே அரை மணி நேரம் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் யார் சுட்டார் என்றுகூடத் தெரியாமல் விழுவதுதான் எனக்கு அதிகம் வாய்த்தது. ஒண்டிக்கு ஒண்டி மோதும் டூயலில் எதிராளி எங்கே என்பது முதலிலேயே தெரியும். தோற்றால் எந்த இடத்தில் கோட்டைவிட்டோம் என்பதும் தெரியும். இந்தச் சுகத்தைத் தருவது மென்பொருள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் அதைத் தருகிறது.

முதல் வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். இருவரும் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்தோம். நான் மூக்கை நேராக அவர்மேல் வைத்து, தூரம் குறைந்ததும் விசையை அழுத்திவிட்டேன். அவர் எஞ்சின் புகைந்தது, விழுந்தார். நாற்காலியிலேயே துள்ளினேன். திரையில் ஒரு வரி வந்தது: 'முதலில் கடந்து போவோம், அப்புறம் சுடலாம். இன்னொரு முறை?' திட்டவில்லை. அடுத்த ஐந்து சுற்றும் என்னை மண்ணைக் கவ்வ வைத்தார்.

அந்த விதி ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இருவரும் மணிக்கு 450 கிலோமீட்டரில் வந்தால் நெருங்கும் வேகம் 900, அதாவது விநாடிக்கு 250 மீட்டர். 500 மீட்டரில் சுட ஆரம்பித்தால் மோதலுக்கு இரண்டு விநாடிதான் இருக்கிறது. அதில் திறமைக்கு என்ன இடம்? காசைச் சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான். அதனால்தான் இறக்கையும் இறக்கையும் ஒன்றையொன்று தாண்டும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பது வழக்கம். அந்தக் கடக்கும் கணத்தைத்தான் மெர்ஜ் என்கிறோம். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. அமெரிக்க விமானப்படையின் பயிற்சிச் சண்டைகளிலேயே இன்னொரு விமானத்தைச் சுற்றி 500 அடி இடைவெளி விட வேண்டும் என்று விதி உண்டு.

நிஜப் போரில் இந்த நியாயம் எதுவும் கிடையாது. முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் போல்க்கே 1916-ல் வகுத்த விதிகளில் முதலாவதே, தாக்கும் முன் சாதகத்தைக் கைப்பற்று, முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வை என்பதுதான். டூயலில் நாங்கள் அந்தச் சாதகங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு ஆரம்பிக்கிறோம். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். எதிரி சுட்டு அல்ல, சண்டைக்கு நடுவே தன் பிரிவைச் சேர்ந்த விமானம் உரசியதால். மெர்ஜில் கொஞ்சம் இடம்விட்டுக் கடப்பவர்களை இப்போதெல்லாம் நான் கேலி செய்வதில்லை.

எனக்குப் பிடித்த ஜோடி, நான் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 எஃப்-4, எதிரே சோவியத்தின் யாக்-1. யாக் சின்ன வட்டம் போடும். 109 மேலே ஏறும். மெர்ஜ் முடிந்ததும் அவர் திரும்புவதைப் பார்த்து நானும் கூடவே திரும்பத் தோன்றும், அங்கேதான் பாதித் தோல்விகள். போன மாதம் ஒரு சுற்றில் தெரிந்தே அந்தப் பொறியில் மாட்டினேன். வேகம் 280-க்கு இறங்கிவிட்டது. இறக்கையின் முன்விளிம்பில், வேகம் குறைந்தால் தானாக நீளும் ஸ்லாட் தகடுகள் வெளியே வந்து நின்றன. அவர் என் வாலை நெருங்கியதும் எதிர்ப்பக்கம் புரட்டினேன், அவர் தாண்டிப் போனார், அவரும் புரட்டினார். இப்படி இருவரும் பின்னல் போடுவதுபோல் மாறி மாறிக் குறுக்கே வெட்டிக்கொள்வதுதான் சிசர்ஸ். யார் மெதுவாக முன்னேறுகிறாரோ அவர் மற்றவரின் பின்னால் வந்துவிடுவார். இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை ஒவ்வொரு சுற்றாக இறக்கிக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை விரல் நுனியால்தான் பிடித்திருந்தேன். உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. தரைக்கு 150 மீட்டர் இருக்கையில் அவர் இடது இறக்கை சட்டென்று கவிழ்ந்தது, அவ்வளவுதான். இருவருமே ஒரு குண்டுகூடச் சுடவில்லை. மண்ணில் விழுந்தாலும் தோல்விதான் என்பது எங்கள் வழக்கம். உடனே 'எஸ்!' என்று தட்டினார். சல்யூட் என்பதன் சுருக்கம் அது. நானும் தட்டினேன்.

சர்ச்சைக்குரிய விஷயம் ஒன்று உண்டு, ஓடுவது. 109-ல் இருப்பவர் நினைத்தால் மூக்கைக் கவிழ்த்துப் பறந்துவிடலாம், யாக்கால் பிடிக்க முடியாது. வேகம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவது தந்திரம், அதில் தப்பே இல்லை. பத்து நிமிடம் மேலே ஏறிக்கொண்டே இருந்துவிட்டுக் கழுகுபோல இறங்குவது? அதுவும் தந்திரம்தான் என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால், எதிரே இருப்பவருக்கும் நாளைக் காலை வேலைக்குப் போக வேண்டியிருக்கும். பாராசூட்டில் குதித்தவரைச் சுடுவது, தோற்கும்போது சத்தமில்லாமல் இணைப்பைத் துண்டிப்பது, இருவர் மோதும்போது மூன்றாமவர் புகுந்து அடிப்பது, இவை பற்றி விவாதமே வேண்டாம்.

பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், ஒரு தீராத தலைவலி. ஐரோப்பிய சர்வர்களுக்கு என் இணைப்பில் 150 மில்லிசெகண்டுக்குக் கீழே பார்த்ததே இல்லை. 450 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்தில் விமானம் கிட்டத்தட்ட 19 மீட்டர் நகர்ந்துவிடும். 109-இன் நீளமே சுமார் 9 மீட்டர்தான். என் திரையில் உரசாமல் போன விமானம் அவர் திரையில் என்மேல் மோதியிருக்கும். பேசித் தீர்ப்பதைத் தவிர வழியில்லை. மோதினால் அந்தச் சுற்று செல்லாது, மறுபடி ஆடுவோம். தோற்றதும் 'லேக்' என்று இணைப்பின் தாமதத்தைக் காரணம் சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது. நேர்மையாகச் சொன்னால் பத்தில் ஒன்றுக்குத்தான் அந்தச் சாக்கு பொருந்தும்.

கருவிகளில் ஜாய்ஸ்டிக்கைவிடத் தலையசைவைக் கண்காணித்துத் திரையில் பார்வையைத் திருப்பும் ஏற்பாடுதான் முக்கியம். எதிராளி பெரும்பாலும் தலைக்கு மேலோ தோளுக்குப் பின்னாலோதான் இருப்பார். பழைய வெப்கேமில் இருந்த அகச்சிவப்பு வடிகட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஃபிளாப்பி டிஸ்க் உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டை வெட்டி ஒட்டினேன். ஹெட்போனில் மூன்று அகச்சிவப்பு எல்இடி, இலவச மென்பொருளான ஓபன்டிராக். ஐந்தாவது வருடமாக அதுவே ஓடுகிறது. முதல் ஜாய்ஸ்டிக் இரண்டே வருடத்தில் பல்லைக் காட்டியது. உள்ளே அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து, சுடும்போதெல்லாம் மூக்கு இடப்பக்கம் துடித்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து ஆறு மாதம் ஓட்டினேன். இப்போது இருப்பது காந்த சென்சார் வகை, கொடுத்த காசு வீணில்லை.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு விளையாட்டில் எஃப்-16, எஃப்/ஏ-18 ஜெட்டுகள் பீரங்கி மட்டும் வைத்து மோதுவது வேறு சுவை. எனக்கென்னவோ ஜெட்டைவிடப் பிஸ்டன் எஞ்சின் விமானம்தான் ஒட்டுகிறது.

ஒருவரோடு மட்டும் நாலு வருடமாக ஆடுகிறேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஐந்து சுற்று முடிந்ததும் விமானத்தை மாற்றிக்கொள்வோம். மாற்றிக்கொண்ட முதல் நாள் மூன்று சுற்றும் யாக் எனக்குச் சோம்பேறித்தனமாகவே பறந்தது. நாலாவது சுற்றில் அவர் என் வாலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். சுடுவார் என்று காத்திருந்தேன். சுடவில்லை, திரையில் ஒரு வரி வந்தது: 'உன் ரேடியேட்டர் கதவு முழுக்கத் திறந்திருக்கிறது.' திறந்திருந்தால் காற்று தடுத்து வேகம் குறையும். 109-ல் அது தானாகவே இயங்கும், யாக்கில் கையால் மூட வேண்டும். மூடினேன். அவர் கொஞ்சம் விலகி, மறுபடி மெர்ஜுக்கு வந்தார். அந்தச் சுற்றும் எனக்குத் தோல்விதான், ஆனால் இரண்டு நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தேன்.