கணையக் கல்: உடைக்கலாமா, எடுக்கலாமா, வெட்டலாமா?

மாமாவுக்குக் கணையத்தில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தபோது தோட்டத்து லயத்தில் எல்லாரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: பொல்பலா என்ற மூலிகையை அவித்துக் குடி. சிறுநீரகக் கல்லுக்கே அது எவ்வளவு உதவும் என்பது வேறு கதை. கணையக் கல்லோ முழுக்க வேறு சாமான். நீண்டகால அழற்சியில் கணையநீர் கெட்டியாகி, அதில் கல்சியம் கார்பனேட் படிந்து, குழாயிலேயே இறுகிப் போவது அது. தண்ணீர் குடித்துக் கரைக்க முடியாது. கல் அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறும். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி அதனால்தான்.

வலி இல்லாத கல்லை வெறுமனே விட்டுவிடலாம். வலி இருந்தால் மூன்று வழி.

முதலாவது ஷாக் வேவ். வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை 3 மில்லிமீட்டருக்கும் சிறிய தூளாக்குவார்கள். எக்ஸ்ரேயில் தெரிகிற, 5 மில்லிமீட்டருக்குப் பெரிய, கணையத்தின் தலையிலோ உடலிலோ இருக்கிற கல்லுக்கு இது ஏற்றது. பெரும்பாலும் ஒரு தடவையில் முடியாது. தூள் தானாக வழிந்துவிடுவதும் உண்டு. 2007இல் வந்த ஓர் ஆய்வில் 55 பேரில் ஒரு பகுதியினருக்கு ஷாக் வேவ் மட்டும், மற்றவர்களுக்கு அதோடு எண்டொஸ்கோப்பியும் (வாய்வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் வைத்தியம்) கொடுத்துப் பார்த்தார்கள். வலி திரும்பியதில் பெரிய வித்தியாசமில்லை, செலவுதான் கூடியது.

இரண்டாவது இ.ஆர்.சி.பி. என்ற எண்டொஸ்கோப்பி. வாய்வழியாகக் குழாய் விட்டு, கணையக் குழாயின் வாயைத் திறந்து கல்லை எடுப்பது. சின்னக் கல் வரும், பெரிதாகக் கெட்டிப்பட்டது உடைக்காமல் வராது. கணையக் குழாய் சுருங்கியிருந்தால் அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நாளடைவில் அடைபடும், மாற்ற வேண்டும். மலைநாட்டுக்காரருக்கு இடிக்கிற இடம் இதுதான். ஹட்டனிலிருந்து கண்டிக்கு விடிய பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் தோட்டத்தில் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு. கூடப்போகிற மாமியின் பேரும் போச்சு.

மூன்றாவது ஒப்பரேஷன். குழாயை நீளவாட்டில் பிளந்து, கற்களை எடுத்து, சிறுகுடலோடு இணைத்துவிடுவது. தலைப்பகுதி வீங்கியிருந்தால் அதையும் குடைந்தெடுப்பார்கள். மயக்கம் கொடுக்க வேண்டும், தையல் ஆற வேண்டும், கொழுந்துக் கூடை தூக்குவதை நினைக்கவே சில வாரமாகும். பயம் நியாயமானதுதான்.

ஆனால் “ஒப்பரேஷன் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சை நான் இப்போது நம்புவதில்லை. நெதர்லாந்தில் 39 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வில், இரண்டு வருட முடிவில் வலி குறைந்தவர்கள் ஒப்பரேஷன் செய்தவர்களில் 75 சதவீதம், எண்டொஸ்கோப்பியில் 32 சதவீதம். எண்டொஸ்கோப்பிப் பக்கம் போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிறகு ஒப்பரேஷனுக்கே வந்து சேர்ந்தார்கள். அதே நாட்டில் 2020இல் 88 பேரிடம் செய்ததிலும் முந்தியே ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு வலி குறைவு. சிறிய ஆய்வுகள்தான், இருந்தாலும் இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன. வலி பல வருடம் நீடித்து, பலமான வலிமாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டால், பிறகு வெட்டினாலும் பலன் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே என் கணக்கு இப்படி. ஒன்றிரண்டு கல், குழாயில் சுருக்கம் இல்லை என்றால் முதலில் ஷாக் வேவ். வயது, இருதயம் காரணமாக மயக்கம் தாங்காதவருக்கு எண்டொஸ்கோப்பி. குழாய் விரிந்து, கணையத்தின் தலை வீங்கி, கற்கள் நிறைந்து கிடந்தால் சர்ஜனை ஆரம்பத்திலேயே சந்திப்பது. இ.ஆர்.சி.பி. சொன்னால், எத்தனை தடவை வரவேண்டியிருக்கும் என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். மாமாவுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. நாலாவது ஸ்டென்ட்டுக்கு அப்புறம்தான் நாங்கள் சர்ஜனிடம் போனோம்.

எந்த வழியில் போனாலும் கெட்டுப்போன கணையம் பழையபடி ஆகாது. சாராயம், கசிப்பு, பீடி எல்லாம் நிற்க வேண்டும். சீனி வருத்தம் வந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். மலம் எண்ணெய் மிதந்து போனால் செரிமான நொதி கெப்சூல் தருவார்கள், அதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். மாமா முதலில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற ரொட்டிப் பொதிக்குள்ளேயே மாமி அதையும் வைத்துவிடுகிறார்.