24 டியூப் பெட்டியா, நான்கே டியூபா?

அக்ரிலிக் வண்ணத்தில் ஓவியம் பழக வருகிறவர்கள் கண்ணில் கடையில் முதலில் படுவது 24 நிறப் பெட்டிதான். டியூபுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் அதுவே மலிவு. நான் அதை விட்டுவிட்டு லெமன் எல்லோ, மஜெந்தா (நீலம் சாய்ந்த சிவப்பு), தாலோ புளூ (அடர் நீலம்), டைட்டானியம் ஒயிட் என்று நான்கை மட்டும் தனித்தனியாக வாங்கினேன். நிறம் கலக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி.

பெட்டியின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: திறந்தோம், பூசினோம். பானையிலோ சார்ட்டிலோ அலங்காரம் செய்ய அது தாராளமாகப் போதும்.

சிக்கல் கலக்கும்போதுதான் வரும். ஓரளவு நல்ல டியூப் எதையும் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு, அதாவது நிறம் தரும் பொருள் எது என்று சொல்லும் எழுத்தும் எண்ணும் இருக்கும். தாலோ புளூவுக்கு பிபி 15, அல்ட்ராமரின் நீலத்துக்கு பிபி 29, டைட்டானியம் ஒயிட்டுக்கு பிடபிள்யூ 6, மஜெந்தாவுக்குப் பெரும்பாலும் பிஆர் 122. ஒரே ஒரு குறியீடு இருந்தால் உள்ளே இருப்பது ஒற்றை நிறமி. பெட்டியில் வரும் சாப் கிரீன், வயலெட் போன்றவை பல நேரம் இரண்டு மூன்று நிறமிகளை முன்கூட்டியே கலந்தவை. அப்படி இரண்டை நாம் சேர்த்தால் தட்டில் நாலைந்து நிறமி கூடிவிடும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றின் சாயலும் அதற்குள் வந்துவிடுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கலவை சேறாகிவிடும். எதனால் கெட்டது என்று புதியவருக்குப் புரியவும் புரியாது. பேர் தெரியாத டியூபாக இருந்தால் அனுபவசாலிக்கும் கஷ்டம்தான். என் முடிவுக்கு முக்கியக் காரணம் இந்தக் குறியீடுதான்.

ஊதாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் சாதாரணச் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. அதோடு நீலம் சேர்த்தால் கத்தரிப்பூ நிறத்துக்குப் பதில் பழுப்புதான் வரும். மஜெந்தாவில் அந்த மஞ்சள் சாய்வு இல்லாததால் ஊதா தெளிவாக வரும். அதே மஜெந்தாவோடு லெமன் எல்லோ சேர்த்தால் நல்ல சிவப்பும் கிடைக்கும். சிவகாசி காலண்டர்கள் சயான் (பச்சை சாய்ந்த நீலம்), மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் அச்சாவதும் இந்தக் கணக்கில்தான்.

வாழை இலை வரையும்போது இது இன்னும் நன்றாகப் புரியும். முதலில் தட்டில் மஞ்சளை வையுங்கள். தாலோ புளூவைப் பிரஷ் நுனியில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அது பொல்லாத வீரியம் உள்ள நிறமி, அளவு மீறினால் மஞ்சள் முழுவதையும் விழுங்கிவிடும். வரும் பச்சை பிளாஸ்டிக் போலக் கத்தும். அதில் மஜெந்தா ஒரு புள்ளி சேர்த்தால் அடங்கி, நிஜ இலையாகும். எதிர் நிறம் பளிச்சென்ற தன்மையைக் குறைக்கும் என்ற பாடத்தை இதற்குப் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நிறம் குறைவாக இருந்தால் கவனம் வெளிச்சம், இருட்டு பக்கம் போகும். படம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். லெமன் எல்லோ இயல்பிலேயே வெளிறியது. தாலோ புளூவைக் கெட்டியாகப் பூசினால் கிட்டத்தட்டக் கறுப்பு, வெள்ளை சேர்த்தால்தான் நீலமாகத் தெரியும். வரைவதற்கு முன் தீப்பெட்டி அளவில் இரண்டு மூன்று சின்னப் படம் பென்சிலில் போட்டு, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரைந்தபின் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் நிறம் ஒரு படி அடர்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சோர்ன் பேலட் என்ற நிறத் தொகுப்புக்கும் ஒரு வார்த்தை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் வழங்கும் இதில் எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), வெள்ளை நான்குதான். முகம் வரைய அருமை. மஞ்சள், சிவப்பு போன்ற சூடான நிறங்களுக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நீலமாகவே தெரியும். ஆனால் வயல் பச்சையும் மயில் கழுத்தும் இதில் வராது. நான் இதில் முகங்கள் மட்டுமே முயன்றிருக்கிறேன், அதனால் மற்றதற்கு உறுதி சொல்ல மாட்டேன்.

சூடானது ஒன்று, குளிர்ந்தது ஒன்று என முதன்மை நிறங்களை இரண்டிரண்டாக வைத்துக்கொள்ளும் ஆறு டியூப் முறையும் உண்டு. நல்ல முறைதான். ஆனால் எந்தச் சிவப்பை எடுப்பது என்று ஆரம்பத்திலேயே குழம்ப வேண்டியிருக்கும், அதனால் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான்கு டியூபில் குறையும் உண்டு. மண் நிறங்களையும் தோல் நிறங்களையும் ஒவ்வொரு முறையும் கலந்துகொண்டிருந்தால் பொறுமை போய்விடும். அதற்காகவே பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஐந்தாவதாகச் சேர்ந்தது. அடுத்து அல்ட்ராமரின் வாங்கலாம். பர்ன்ட் சியன்னாவோடு சேர்த்தால் ஆழமான இருள் வரும், கறுப்பு டியூப் வாங்க வேண்டியதில்லை.