சீசன் வேலைக்குப் போகும் பிள்ளைகளே, அசல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பகுதி நேர வேலைக்கு மாணவிகள் தேவை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரி மதியமே முடிந்துவிடும், செமஸ்டர் ஃபீஸுக்கு ஆகுமே என்று தோழிகள் நான்கு பேருடன் சேர்ந்தேன். மாலை நான்கிலிருந்து ஒன்பது வரை 350 ரூபாய், ஞாயிறு முழு நாளுக்கு 700. எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்தில் எதுவும் தரவில்லை. ஆனால் எங்கள் பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் அசலாக வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டார்கள்.

ஒரே வாரத்தில் ஒன்பது மணி பத்தரை ஆனது. கடைசி ஞாயிறன்று காலை ஒன்பதுக்குப் போனவர்கள் இரவு பதினொன்றுக்குத்தான் வெளியே வந்தோம். திருமங்கலம் பஸ் போய்விடுமே என்று பெரியார் நிலையம் வரை ஓடினேன். இடையில் உட்காரவே கூடாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. எங்கள் செக்‌ஷன் அக்கா பதினோரு வருடமாக நின்றே வேலை பார்க்கிறார். காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகும் ஒரு ஸ்டூல் போட அவர்களுக்கு மனது வரவில்லை.

கணக்கு முடிக்கும் நாளில்தான் உண்மையான அடி. எனக்கு வரவேண்டியது 9,100 ரூபாய். தருகிறோம் என்று நீட்டியது 6,700. பத்து நிமிடம் லேட்டாகப் போன நான்கு நாளுக்கு அரை நாள் சம்பளம் வீதம் 700 போயிற்று. ஓவர்கோட்டுக்கு 450. ஐந்து சுடிதார் செட் காணவில்லையாம், அதற்கு எங்கள் ஐந்து பேர் தலையிலும் ஆளுக்கு 1,250. "நாங்க எடுக்கலையே சார்" என்றதற்கு, "மார்க் ஷீட் வேணும்னா பேசாம கையெழுத்துப் போடும்மா" என்றார் மேனேஜர். நான் போடவில்லை. பணத்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

என் தாய்மாமா மில் தொழிலாளியாக இருந்தவர், சங்கத்தில் பழக்கம் உண்டு. அவர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. லேட்டாக வந்தால் வராத நேரத்துக்கு மட்டும்தான் சம்பளம் குறைக்கலாம். அபராதம் என்றால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் கணக்கில் அது வெறும் 273 ரூபாய். அதையும் நம் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் போட முடியும். சரக்கு காணாமல் போனால், உன் பொறுப்பு என்று நம்மிடம் தனியாக ஒப்படைத்த சரக்காக இருக்கவேண்டும், நம் கவனக்குறைவும் காரணமாக இருக்கவேண்டும். 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்தவை இவை, 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கின்றன. அப்புறம், ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும்.

நல்லவேளையாக, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்திருந்தேன். "இன்று பத்தரை வரை இருக்கணும்" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. இரண்டையும் இணைத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். மூன்று பேர் என்னுடன் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தி பயந்து விலகிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் மார்க் ஷீட்டும் அந்தப் பீரோவில்தானே இருந்தது.

அங்கிருந்து கடைக்கு போன் போன மூன்றாம் நாள் மேனேஜரே கூப்பிட்டார். 6,700 ரூபாயுடன் 1,250ஐயும் 700ஐயும் சேர்த்துக் கொடுத்தார், மார்க் ஷீட்டும் வந்தது. ஓவர்கோட் பணமும் ஓவர்டைமும் இன்னும் வரவில்லை. மனுவைத் திரும்பப் பெறவில்லை.

இப்போது ஆடித் தள்ளுபடிக்கு அதே போர்டு மறுபடி தொங்குகிறது. போகிறவர்கள் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். சம்பளம், நேரம், பிடித்தம் மூன்றையும் எழுதி வாங்குங்கள், மறுத்தால் நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதுதானே சார்?" என்று கேட்டு வையுங்கள். விலகிப்போன தோழியின் மார்க் ஷீட் இன்னும் கடையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போகிறேன்.