தேக்கு பெஞ்சும் டின் எண்ணெயும்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

தக்கலையில் இருக்கும் நண்பர் ஒருவர் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்கு பெஞ்சு ஒன்றை வாங்கி வந்துவிட்டு, அதைத் தோட்டத்தில் போடப்போவதாகவும், அதற்கு எந்த எண்ணெய் பூசலாம் என்றும் கேட்டிருக்கிறார். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில், கூரையோ பந்தலோ இல்லாத இடத்தில், ஒரு தேக்கு பெஞ்சும் இரண்டு நாற்காலிகளும் பல ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடப்பதும், ஒவ்வொரு தை மாதமும் நான் எண்ணெய் டின்னோடு அவற்றின் முன் உட்காருவதும் அவருக்குத் தெரியும். ஒரே வரியில் பதில் அனுப்ப முடியவில்லை. அந்த எண்ணெயின் மேல் எனக்கு மதிப்பும் உண்டு, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எரிச்சலும் உண்டு.

எண்ணெய்க்கு முன்பு எங்கள் பெஞ்சின் மேல் இருந்தது பாலியூரித்தேன். பாலிஷ் போடுகிறவர்கள் பி.யூ. என்று சொல்வது. நிறமில்லாத, வெளிப்புறத்துக்கென்றே விற்கப்படும் வகை. குறை சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: முதல் ஆண்டில் அதன் அழகுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. தேக்கின் வரிகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். மழைநீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டோடும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் என இரண்டு பருவங்களையும் மரம் தாங்க வேண்டியிருக்கிறது. இடையில் அடிக்கும் வெயிலும் இலேசானதல்ல. நிறமில்லாத பூச்சு புற ஊதாக் கதிரை முழுவதுமாகத் தடுப்பதில்லை. அது ஊடுருவிக் கீழே இருக்கும் மரத்தை எட்டி, நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடுகிறது. பூச்சு பற்றிக்கொண்டிருந்த மரப்பரப்பே இற்றுப்போனால், பூச்சு எத்தனை உறுதியாக இருந்தும் என்ன பயன்? கூடவே, மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தின் அசைவில், இணைப்புகளிலும் திருகாணித் தலைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றிப் பூச்சுக்கு அடியிலேயே தேங்கும். எங்கள் பெஞ்சில் கைப்பிடியின் மேற்புறம் முதலில் பால் நிறத்தில் ஒரு திட்டு தோன்றியது. நகத்தால் நெம்பினால் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது. அதற்கடியில் மரம் ஈரமாகக் கறுத்திருந்தது. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் மீண்டும் பூசி ஒப்பேற்றிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. ஓரத்தில் பழைய பூச்சு தூக்கிக்கொண்டே போகும். முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சுரண்டல் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுரண்டியால் இழுத்து, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120இல் முடிக்க வேண்டும். வெளியில் கிடக்கும் மரத்தை அதற்கு மேல் வழவழப்பாக்குவது வீண் வேலை. நீரை வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தை மரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அது அழுக்கோடு சேர்த்து வரிகளுக்கு இடையில் உள்ள மென்மையான பகுதியையும் அரித்து, பரப்பை மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடும். இரும்புக் கம்பிச் சுருளும் வேண்டாம். அதன் துகள்கள் மரத்துக்குள் தங்கித் துருப்பிடித்துக் கரும்புள்ளிகளாகும்.

இந்த வேலையில் நான் எதிர்பாராமல் கண்ட மகிழ்ச்சி ஆக்ஸாலிக் அமிலம். பழைய இரும்புத் திருகாணிகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலக் கறை படர்ந்திருந்தது. இரும்பும், மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் ஈரத்தில் சேர்ந்து உண்டாகும் கறை அது. எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மரத்துக்குள் ஊறியிருக்கிறது. மொசைக் தரைக்கு மெருகேற்றுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைப் படிகத்தை இரசாயனக் கடையில் வாங்கி, ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஐம்பது முதல் நூறு கிராம் வரை பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தூரிகையால் பலகை முழுவதும் ஒரே சீராகப் பூச வேண்டும். கறையின் மேல் மட்டும் பூசினால் அந்த இடம் தனியாக வெளுத்து நிற்கும். பூசிய சில நிமிடங்களில் கருநீலம் சாம்பலாகி, சாம்பல் தேநீர் நிறமாகி, பின் அதுவும் கரைந்து, வெட்டியெடுத்த புதிதில் இருந்த பொன்னிறம் எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மரவேலைப் பொருள்களில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து முடிப்பது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம், விலையும் எண்ணெய் டின்னோடு ஒப்பிட்டால் அற்பம்.

ஆனால் இது நஞ்சு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் நன்றாக நீர் ஊற்றிக் கழுவி, சிறிது சமையல் சோடா கலந்த நீரால் மீண்டும் ஒரு முறை கழுவிய பிறகே காயவிட வேண்டும். கழுவாமல் காய்ந்த மரத்தின் மேல் உப்புத்தாளைப் போட்டால் அந்தத் தூள் மூக்குக்குள் போகும். ப்ளீச்சிங் திரவத்தோடு இதைச் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதையும் நண்பர் மறக்க வேண்டாம். கறை போனதும் அதே இரும்புத் திருகாணிகளைத் திரும்ப முடுக்கினால் அடுத்த மழையிலேயே கறையும் திரும்பிவிடும். துருப்பிடிக்காத எஃகில் 316 தரம் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண 304 கடற்காற்றில் மெல்லப் புள்ளி விழுந்துவிடுகிறது.

இனி எண்ணெய். தேக்குக்கென்று டின்னில் விற்கப்படுவது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ, டங் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயோ, அதோடு சிறிது வார்னிஷும் கரைப்பானும் சேர்ந்த கலவை. மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. மறுநாள் இன்னொரு கை. அவ்வளவுதான். இதன் பெரிய நன்மை, இது கெட்டுப்போகும் விதத்தில் இருக்கிறது. பி.யூ. உரிவது போல இது உரிவதில்லை; ஓசையில்லாமல் மங்கி மறைந்துவிடுகிறது. புதுப்பிக்க எதையும் சுரண்டத் தேவையில்லை, தேய்த்துக் கழுவி இரண்டு நாள் காயவிட்டுப் பூசினால் போதும். முழங்காலில் வலியுள்ள ஒருவர்கூட ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இந்த எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

இத்தனை நல்லதையும் சொன்ன பிறகு, ஆண்டுக்கு ஆறு மாதம் நான் பார்த்துக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும்: கரும்புள்ளிகள். தையில் பூசிய பொன்னிறம் சித்திரை வரை நிற்கும். ஆனி பிறந்து முதல் மழை விழுந்ததும், கைப்பிடியின் அடிப்பக்கத்திலும் பலகைகளின் இடுக்குகளிலும் குண்டூசி முனையளவில் கறுப்பு தோன்றும். ஆடியில் அவை உட்காரும் பலகைக்கு வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போகாது, சோப்பு நீருக்கும் அசையாது. பூஞ்சை மரத்துளைகளுக்குள் இறங்கியிருக்கும். ஆளிவிதை எண்ணெய் அந்தப் பூஞ்சைக்கு உணவு. மரத்தைக் காப்பதாகச் சொல்லிக் காசு வாங்குகிற டின், உண்மையில் செய்வது அன்னதானம். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்தது என்று அச்சிட்ட டின்னையும் வாங்கிப் பார்த்தேன். புள்ளிகள் ஆனிக்குப் பதில் ஆடியில் வந்தன. சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுப்புத் தூளின் கரைசலைப் பூசித் தேய்த்தால் அவை போய்விடும் என்பது உண்மை. ஆனால் அதோடு எண்ணெயும் போய்விடும், மழைக்காலத்தின் நடுவில் மீண்டும் எண்ணெய் பூச மரம் காயவும் காயாது.

என் எரிச்சலைக் கூட்டுவது பக்கத்தில் இருக்கும் நாற்காலி. இரண்டு நாற்காலிகளில் ஒன்றுக்கு வேண்டுமென்றே எதையும் பூசாமல் விட்டிருக்கிறேன். வெயிலில் லிக்னின் சிதைந்து, மழையில் அது கழுவப்பட்டு, இன்று ஒரே சீரான வெள்ளிச்சாம்பல் நிறத்தில் இருக்கிறது. முதுகுப்புறத்தில் கொஞ்சம் பாசி படியும். நைலான் தூரிகையால் ஆண்டுக்கு ஒரு முறை தேய்த்தால் போய்விடும். அந்தச் சாம்பல் நிறம் மேலோட்டமானது. ஒரு மில்லிமீட்டர்கூட ஆழமில்லை. ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் இழுத்துப் பார்த்தேன், உள்ளே பொன்னிறம் அப்படியே இருக்கிறது. வயிரம் பாய்ந்த தேக்கு தனக்கு வேண்டிய காப்பைத் தன்னிடமே வைத்திருக்கிறது; நாம் மேலே பூசுவது நம் கண்ணுக்காக மட்டுமே. பூசிய பெஞ்சும் பூசாத நாற்காலியும் ஒரே உறுதியோடு இருப்பதைப் பார்க்கும்போது, டின்னுக்குக் கொடுத்த பணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அம்மா அந்த நாற்காலியில் உட்கார மாட்டார். விறகுக்குப் போட வேண்டியதை எதற்கு முற்றத்தில் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்.

வேறு வழிகளும் உண்டு. நிறமி கலந்த ஸ்டெயின் என்னும் சாயப்பூச்சு, நிறமி கதிரைத் தடுப்பதால், நிறமில்லாத எதையும்விட நீண்டநாள் நிற்கும். ஆனால் தேக்கு வாங்கி அதன் நிறத்தை மறைப்பதற்கு வேறு மரமே வாங்கியிருக்கலாம். மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஓட்டு எண்ணெயைச் சிலர் சொல்வார்கள். படகுக்கும் வேலிக்காலுக்கும் அது மிக நல்லது, பூச்சி அண்டாது. தோலில் பட்டால் புண்ணாக்கும், உலரும் வரை பிசுபிசுக்கும், நிறம் கரியை ஒட்டியது. வெள்ளை வேட்டியோடு உட்காரும் பெஞ்சுக்கு அது எப்படிச் சரியாகும்?

நண்பர் எண்ணெயைப் பற்றிக் கேட்டார். நான் அவரிடம் கேட்க வேண்டியது பெஞ்சைப் பற்றி. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் சாமான்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் கிடந்தவை. பர்மா தேக்காக இருந்தால் மரத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அந்தக் கால ஆசாரிகள் இணைப்புகளில் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை வைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் அது இளகிவிடும். மேலே இருப்பது அரக்கு பாலிஷாக இருந்தால், முதல் மழையிலேயே வெளுத்துவிடும். ஆகவே தோட்டத்துக்குப் போகும் முன் பாலிஷை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்து, ஆடுகிற இணைப்புகளைக் கழற்றி, நீருக்கு இளகாத எபாக்சிப் பசை வைத்து இறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்களின் அடிமுனைகளை எபாக்சியால் அடைத்துக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்த வேண்டும். மரம் நீரைக் குடிப்பது பக்கவாட்டில் அல்ல, வெட்டுமுனையில். மண்ணில் ஊன்றிய கால்தான் முதலில் மட்கும். நட்டுவளர்த்த இளந்தேக்கில், வயிரத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி மிகுதி, அதில் இந்தக் கவனம் இன்னும் வேண்டும். எங்கள் பெஞ்சில் இத்தனை ஆண்டுகளில் உண்மையாகவே மாற்ற வேண்டியிருந்தது ஒரு பின்காலின் அடிப்பாகம் மட்டும்தான், அதுவும் வெள்ளைக்கட்டை சேர்ந்த கால்.

எண்ணெய்க்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு தருவேன். எளிதாகப் பூசலாம், எளிதாகப் புதுப்பிக்கலாம், மரத்தைக் கெடுக்காது, பி.யூ.வைவிட எவ்வளவோ மேல் என்று மேலே எழுதியதெல்லாம் உண்மைதான். ஆடி மாதம் அந்தப் புள்ளிகளுக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பதும் உண்மை. நண்பர் எதையும் பூசாமல் விடட்டும். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எண்ணெயே வாங்கட்டும், அதிலும் அரை லிட்டர் டின். ஒரு முறை திறந்தால் மேலே ஆடை படிந்து மீதி கெட்டியாகிவிடுகிறது, லிட்டர் டின்னில் பாதியை ஒவ்வோர் ஆண்டும் நான் தூக்கித்தான் எறிகிறேன். தைக்கு வேண்டியதை இந்த முறை அரை லிட்டராகச் சொல்லி வைத்திருக்கிறேன்.