சரிவு நிலத்தில் கீழ் அறை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் எங்கள் வீடு சரிவான பூமியில் இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தளம். பின்பக்கம் இறங்கினால் கீழே இன்னொரு அறை. மூன்று சுவருக்குப் பின்னாலும் மண். ரப்பர் ஷீட்டும் தேங்காயும் கிடந்த அந்த அறையை, பிளஸ் டூ படிக்கும் மகளுக்காகச் சரிசெய்யப் போய் 4,80,000 ரூபாய் இழந்தேன்.

டொராண்டோவில் இருக்கும் அத்தான் தன் வீட்டு பேஸ்மென்ட் வீடியோவை அனுப்பியிருந்தார். அதைக் காண்ட்ராக்டரிடம் காட்டினேன். "இதே மாதிரி செஞ்சு தாறேன் அண்ணாச்சி, பத்து வருஷம் கேரண்டி" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. பிப்ரவரியில் வேலை நடந்தது. சுவரில் மரச்சட்டம் அடித்து, இடையில் கிளாஸ் ஊல் (சூடு, குளிர் கடக்காமல் வைக்கும் கண்ணாடி நார்ப் பஞ்சு) திணித்து, பாலித்தீன் ஷீட்டால் மூடி, அதன்மேல் ஜிப்சம் போர்டு. ஓதம் இருக்கிறதா என்று சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஜூனில் மழை பிடித்தது. முதலில் வந்தது வாடைதான். "அப்பா, புக்கெல்லாம் நமுத்துப் போவுது" என்றாள் மகள். அவளுக்குத் தும்மல் நிற்கவேயில்லை. ஆகஸ்டில் போர்டின் அடிப்பக்கம் உப்பியது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். நனைந்த அப்பளம் போல் கையோடு வந்தது. பாலித்தீனின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். கிளாஸ் ஊலைப் பிடித்தால் ஈரச்சாக்கு கனம் கனத்தது. சட்டம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, ஒரு மூலையில் சிதல் வேறு. அந்த அறையில்தான் என் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணி வரை இருந்து படித்தாள். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். "மழைக்கு நான் என்ன செய்ய?" என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை.

அத்தான்தான் விளக்கினார். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரை நோக்கிப் போகும். அதைத் தடுக்கத்தான் அறைப்பக்கம் பிளாஸ்டிக். அங்கேயும் முதலில் வெளியிலிருந்து வரும் கசிவை அடைத்துவிட்டுத்தான் போர்டைத் தொடுவார்களாம். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. ஈரம் மண்ணிலிருந்து உள்ளே வருகிறது. அந்த பிளாஸ்டிக் அதைக் காயவிடாமல் பிடித்துவைத்ததோடு, இரண்டு மாதம் என் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டது.

பிறகு வந்த பழைய கொத்தனார் வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டி, சுவரில் வாட்டர்ப்ரூஃப் பூசி, அடியில் ஓட்டைக் குழாய் பதித்து, ஜல்லி நிரப்பி, தண்ணீரைச் சரிவுக்குத் திருப்பிவிட்டார். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

குலசேகரம், அருமனைப் பக்கம் இப்படி அறை வைத்திருப்பவர்கள், போர்டு அடிக்கும் முன் ஒரு மழைக்காலம் சுவரை வெறுமனே விட்டுப் பாருங்கள். ஒரு சதுர அடி பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவர்ப்பக்கம் துளி நின்றால் வெளியே தோண்டாமல் உள்ளே ஒரு ஆணிகூட அடிக்க விடாதீர்கள். கடைசித் தவணையை அடுத்த மழை முடிந்த பிறகு தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.