அம்மாவின் கிளினிக் கொப்பி

ஜனவரியில் மூன்று கிழமை இலங்கையில், ஊரில் இருந்துவிட்டு லண்டன் திரும்பியிருக்கிறேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தங்கச்சி குடும்பத்தோடு அம்மா இருக்கிறார். ஊருக்குப் போய் வருகிறவர்கள் ரோடு எப்படி, பேங்க் எப்படி என்று எழுதுவார்கள். நான் தூக்கத்தைப் பற்றி எழுதுகிறேன், இந்த முறை அதற்காகத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம்.

எனக்கு இரண்டு வருஷமாக மனச்சோர்வு, அதற்கு மருந்து எடுக்கிறேன், கூடவே தூக்கமும் போய்விட்டது. வேலை முதியோர் இல்லத்தில், பாதி நாள் இரவு ஷிப்ட். ஊருக்குப் போனால் தூங்கிவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன். நேர வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம், நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் உடம்பு பழகிக்கொள்ளும் என்பார்கள், அப்படியென்றால் ஒரு கிழமையில் சரியாகியிருக்க வேண்டும். எட்டாம் நாளும் இரவு ரெண்டு மணிக்கு முழித்துக் கிடந்தேன். பிள்ளைகள் எழும்பிவிடக் கூடாதே என்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு இஸ்தோப்புக்கு, முன் திண்ணைக்கு, வந்தால், அங்கே அம்மா உட்கார்ந்திருக்கிறார், கையில் டோர்ச். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "நீ போய்ப் படு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றார். எதைப் பார்க்கிறீங்க என்று கேட்டேன். "மலையை" என்றார்.

2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்களுக்கு அது தூரத்து ஊர் இல்லை, அம்மாவோடு கொழுந்து பறித்த ஒருவரின் மகள் குடும்பம் அதில் போனது. அன்றிலிருந்து மழை பெய்தால் அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலையகத்தில் இடத்துக்கு இடம் மண் சரிந்த பிறகு, மழை பெய்யாத இரவுகளும் போய்விட்டன. போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்லா இருக்கேன்", அவ்வளவுதான்.

அப்புறம்தான் தலையணைக்கு அடியில் இருந்த கடதாசி உறையைப் பார்த்தேன். டவுனில் ஒரு பாமசியில் டாக்டர் துண்டு இல்லாமலே வாங்கிய தூக்க மாத்திரை. உறையில் மருந்தின் பெயர் இல்லை, பேனாவால் ஒரே ஒரு கோடு, இரவுக்கு ஒன்று என்று அர்த்தமாம். ஒன்றரை வருஷமாக அதைப் போடுகிறார். போன வருஷம் படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. டயசிபாம் மாதிரி தூக்க மாத்திரைகளை வயதானவர்களுக்கு எழுதுவதற்கு முன்னால் எங்கள் இல்லத்து டாக்டர்மார் எவ்வளவு யோசிப்பார்கள் என்று தினமும் பார்க்கிறவள் நான். தடுமாறி விழுவார்கள், மறதி கூடும், பழகிவிட்டால் விடவும் முடியாது.

முதலில் போன அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு ஒரு சதம் வாங்கவில்லை, அதை மறக்கக் கூடாது. விடிவதற்கு முன்னமே போய் நம்பர் எடுத்து, பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தன்மையானவர், ஆனால் தமிழ் தெரியாது. அம்மா நாலைந்து நிமிஷம் பேசினார், மலை, மழை, அப்பா செத்தது, நெஞ்சை அடைக்கிறது, பிள்ளைகளை யார் தூக்குவது என்று இரவெல்லாம் யோசிப்பது, எல்லாம். பக்கத்தில் நின்றவர் அதைச் சிங்களத்தில் டாக்டருக்குச் சொன்னார்: "நிந்த யன்னே நே." தூக்கம் வருவதில்லை. மூன்றே சொல். அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒரு வரி ஏறியது, மறுபடி அதே வகை மாத்திரை. வெளியே வந்து அம்மா கொப்பியை என்னிடம் நீட்டி, "நான் சொன்னதெல்லாம் இதுக்குள்ள இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர்தான் வேறொரு ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் தமிழ் பேசும் மிஸி (நர்ஸ்) ஒருவர் இருக்கிறார், அவர் இருக்கிற நாள் பார்த்துப் போங்கள் என்றார். போனோம். துணைக்கு வந்த தங்கச்சிக்கு அன்றைய பேர், நாள் கூலி, போனது.

அந்த மிஸி முக்கால் மணித்தியாலம் அம்மாவோடு இருந்தார். எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க அம்மா, எத்தனை மணிக்குக் கண் அசருது, கடைசித் தேத்தண்ணி எப்போ, பகல்ல தூங்குவீங்களா, மழை சத்தம் கேட்டா உடம்புல எங்க முதல்ல தெரியுது. அம்மா குளிருக்குப் பயந்து ஏழரைக்கே படுத்துவிடுகிறார், எட்டு மணிக்கு ஒரு பிளேன்டீ வேறு. தேயிலையில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் போல ஆகும். டாக்டரையும் கூப்பிட்டுப் பேசி, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்புக்கூட வரலாம், கிழமைக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்கள். பத்தரைக்கு முன்னால் படுக்க வேண்டாம், எப்படித் தூங்கினாலும் காலையில் ஐந்துக்கு எழும்ப வேண்டும், ரெண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை, தூங்கினதையும் முழித்ததையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகைப் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016லேயே சொல்லிவிட்டது. லண்டனில் இதற்கு நான் இன்னும் வரிசையில் நிற்கிறேன்.

இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழும்பி வேறு அறைக்குப் போ என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் வேறு அறைக்கு எங்கே போவது? அந்த மிஸியும் தோட்டத்துப் பிள்ளை. "இஸ்தோப்புல உக்காருங்கம்மா, ஆனா மலையைப் பாக்க வேணாம், அதுக்கு வேற ஆள் வைப்போம்" என்றார். பயப்படாதீங்க என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது, அந்தப் பயம் பொய்யில்லையே. அவர் சொன்னபடி, எச்சரிக்கை வருகிற இரவுகளில் லயத்து ஆட்கள் முறை வைத்து முழித்திருப்பதென்று பேசிக்கொண்டோம். அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் துணி எல்லாம் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117, மனசு தாங்காத இரவுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, இரண்டையும் கரியால் பெரிசாகச் சுவரில் எழுதியிருக்கிறோம்.

புறப்படும்போது மிஸி என்னைப் பார்த்து, "நீங்களும் தூங்கிற மாதிரி தெரியலையே அக்கா" என்றார். என் மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினை எத்தனை மணிக்குப் போடுறீங்க என்று கேட்டார். இரவில். சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், உங்க டாக்டர்கிட்ட கேட்டுக் காலைக்கு மாத்திப் பாருங்க என்றார். இரண்டு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டு மாற்றினேன். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் கிழமையில் மூன்று நாள் தூக்கம் காலை நாலு மணி வரை போகிறது.

ஊருக்குப் போகிறவர்கள் சொக்லட்டோடு ஒரு நாளை இதற்கும் ஒதுக்குங்கள். தலையணைக்கு அடியில் பாருங்கள், அம்மா எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்று பாருங்கள். கிளினிக்குக் கூட்டிப்போவதானால் தமிழ் பேசுகிறவர் என்றைக்கு இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

அந்த மிஸிக்கு இடமாற்றம் வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்து வருகிறவருக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் அம்மாவின் முழுக் கதையையும் நான் தமிழில் எழுத, தங்கச்சியின் மகன் அதைப் பள்ளிக்கூடத்துச் சிங்கள டீச்சரிடம் கொண்டுபோய்ச் சிங்களத்தில் எழுதி வாங்கி வந்தான். இரண்டு பக்கம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.